யானை புகுந்த வயலும் அரசனின் சம்பளமும்

புறநானூற்றின் 184-ஆம் பாட்டு ஒரு கணக்கோடு தொடங்குகிறது. விளைந்த நெல்லை அறுத்து, கவளம் கவளமாக உருட்டி யானைக்குக் கொடுத்தால், ஒரு மா அளவுகூட இல்லாத சின்ன நிலம் பல நாளைக்குத் தாங்கும். அதே யானையை அவிழ்த்து வயலுக்குள் விட்டால் நூறு வயல் இருந்தாலும் காணாது. தின்பதைவிட மிதித்து அழிப்பதுதான் அதிகம்: 'வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்.'

பாடியவர் பிசிராந்தையார். கேட்டுக்கொண்டிருந்தவன் பாண்டியன் அறிவுடை நம்பி. பேச்சு யானையைப் பற்றி இல்லை என்று அவனுக்கு உடனே புரிந்திருக்கும். புரியாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த வரிகளில் புலவரே சொல்லிவிடுகிறார். முறை தெரிந்து வரி வாங்கினால் கோடி சேரும், நாடும் தழைக்கும். தரம் அறியாமல் கூச்சல் மட்டும் போடுகிற ஒரு கூட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குடிமக்களின் அன்பு அற்றுப்போகும்படி பிடுங்கினால், யானை புகுந்த வயல் கதைதான். 'தானும் உண்ணான், உலகமும் கெடுமே.'

அந்தத் 'தானும் உண்ணான்' என்ற இரண்டு சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். நரகத்துக்குப் போவாய் என்று புலவர் பயமுறுத்தவில்லை. உனக்கே சோறு கிடைக்காது என்கிறார். பழைய இந்தியாவில் ஆட்சி அறத்தைப் பற்றிப் பேசியவர்களில் பலர் இப்படித்தான் பேசினார்கள். அறம் என்பதை ஏதோ பூஜை அறையில் வைக்கிற பொருளாக நினைத்துக்கொண்டு இவற்றைப் படிக்க வருகிறவர்களுக்கு முதல் ஆச்சரியம் இதுவாகத்தான் இருக்கும்.

என்னென்ன நூல்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தமிழில் சங்கப் பாடல்களும் திருக்குறளின் பொருட்பாலும். குறளின் 133 அதிகாரங்களில் 70 பொருட்பாலில்தான் இருக்கின்றன. வடமொழியில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், மகாபாரதத்தில் அம்புப் படுக்கையில் கிடந்தபடி பீஷ்மர் தருமருக்கு அரச தருமம் சொல்லும் சாந்தி பருவம். பாலி மொழியில் பௌத்த சூத்திரங்கள். அப்புறம், பாறையில் வெட்டிய அசோகரின் கட்டளைகள்.

இவர்கள் எல்லாரும் ஒரே கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். வேதம், வேள்வி, கொலை, கடவுள் என்று எதை எடுத்தாலும் சண்டை. 'பண்டைய ஞானம்' என்று மொத்தமாகக் கட்டி விற்கிறவர்கள் இந்தச் சண்டையை மறைத்துவிடுகிறார்கள். ஆனால் ஓரிடத்தில் இவர்களில் பலர் ஆச்சரியமாக ஒத்துப்போகிறார்கள். ஆள்கிறவன் சம்பளம் வாங்குகிற ஆள் என்பதுதான் அந்த இடம்.

ஆறில் ஒரு பங்கு

பௌத்தர்களின் தீக நிகாயம் என்ற சூத்திரத் தொகுப்பில் அக்கஞ்ஞ சூத்திரம் என்று ஒன்று உண்டு. உலகத்தில் திருட்டும் பொய்யும் தலையெடுத்தபோது மக்கள் ஒன்றுகூடி, தங்களில் ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்களாம். கண்டிக்க வேண்டியவர்களைக் கண்டிப்பது அவன் வேலை. அதற்குப் பதிலாக நெல்லில் ஒரு பங்கு தருவதாகப் பேச்சு. அவனுக்கு 'மகாசம்மதன்' என்று பெயர், அதாவது பலரும் சேர்ந்து சம்மதித்தவன். அர்த்தசாஸ்திரத்திலும் இதே மாதிரி ஒரு கதை வருகிறது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்குகிற நிலைமை பொறுக்காமல் மக்கள் மனுவை அரசனாக்கி, தானியத்தில் ஆறில் ஒரு பங்கும் சரக்கில் பத்தில் ஒரு பங்கும் ஒதுக்கினார்களாம்.

போதாயன தர்மசூத்திரம் இதைக் கதை இல்லாமலே சொல்லிவிடுகிறது: ஆறில் ஒரு பங்கைக் கூலியாகப் பெறும் அரசன் குடிகளைக் காக்க வேண்டும். கி.பி. 3-ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த பௌத்த அறிஞர் ஆரியதேவர் இதையே எடுத்து அரசன் முகத்துக்கு நேராக வீசுகிறார். ஆறில் ஒரு பங்கில் பிழைக்கிற நீ மக்கள் கூட்டத்தின் வேலையாள், உனக்கு எதற்கு இந்தச் செருக்கு என்று கேட்கிறார்.

கூலி என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. வேலை செய்யாமல் கூலி வாங்கினால் என்ன பெயர்? வள்ளுவர் 552-ஆம் குறளில் அந்தப் பெயரைச் சொல்லாமல் சொல்கிறார்.

'வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு.'

ஆளில்லாத வழியில் வேலோடு நிற்கிறவன் 'கொடு' என்கிறான். அரியணையில் கோலோடு இருக்கிறவனும் 'கொடு' என்கிறான். வாங்குகிற இடம் வேறு, கையில் இருக்கிற ஆயுதம் வேறு, அவ்வளவுதான். இதில் 'இரவு' என்ற சொல்லை நான் மிகவும் ரசிப்பேன். இரத்தல், அதாவது பிச்சை கேட்டல். கெஞ்சிக் கேட்பது போலத் தெரிவதுகூட, கையில் கோல் இருந்தால் வழிப்பறிதான்.

மகாபாரதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 'உங்களைக் காப்பேன்' என்று சொல்லிவிட்டுக் காக்காத அரசனை, மக்கள் ஒன்றுசேர்ந்து வெறிநாயைக் கொல்வதுபோலக் கொல்லலாம் என்று அனுசாசன பருவத்தில் ஒரு சுலோகம் இருக்கிறது. அரசன் தெய்வத்தின் கூறு என்று சொல்லும் பகுதிகளும் அதே மகாபாரதத்தில் உண்டு. இரண்டையும் ஒரே நூலுக்குள் வைத்துக்கொண்டு அது நிம்மதியாக இருக்கிறது.

சரி, இப்படியெல்லாம் பாடினால் அரசர்கள் கேட்டார்களா? ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்கள். புறநானூறு 35-ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் போகிறார். நிலவரி பாக்கி கழுத்தை நெரிக்கிறது. அதை நேரடியாகச் சொல்லாமல், அரசனின் வெண்கொற்றக் குடையைக் காட்டி ஒரு கேள்வி கேட்கிறார். வெயில் படாமல் மறைத்துக்கொள்ளவா இதைப் பிடித்திருக்கிறாய்? இல்லை, வருந்திய குடிமக்களுக்கு நிழல் தரத்தான். அப்புறம், உன் படை வாங்கித் தருகிற வெற்றி எல்லாம் ஏர் உழுத சாலில் விளைந்ததன் பயன் என்கிறார். மழை பொய்த்தாலும், விளைச்சல் குறைந்தாலும், இயற்கைக்கு மாறாக எது நடந்தாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும் என்றும் எச்சரிக்கிறார். பாட்டின் கீழே இருக்கும் பழைய குறிப்பு முடிவைச் சொல்கிறது: அவர் பாடி, 'பழஞ்செய்க்கடன் வீடு கொண்டது'. பாக்கி தள்ளுபடி ஆகிவிட்டது.

வாசலில் யார் நிற்கிறார்கள்?

வரி முதல் சோதனை என்றால் வாசல் இரண்டாவது. குறை சொல்ல வந்தவன் அரசனைப் பார்க்க முடிகிறதா?

அர்த்தசாஸ்திரத்தில் அரசனுக்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. பகலை எட்டாகவும் இரவை எட்டாகவும் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பங்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பகலின் முதல் பங்கில் பாதுகாப்பு ஏற்பாடுகளும் வரவு செலவும். இரண்டாம் பங்கு நகரத்து, நாட்டுப்புறத்து மக்களின் வழக்குகளுக்கு. அதற்குப் பிறகுதான் குளியலும் சாப்பாடும். தூக்கத்துக்கு இரவில் நான்காம், ஐந்தாம் பங்குகள், அதாவது மூன்று மணி நேரம். இதை எந்த அரசனாவது அப்படியே கடைப்பிடித்திருப்பான் என்று நான் நம்பவில்லை. சாஸ்திரமே அவனவன் சக்திக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்று இடம் கொடுக்கிறது. ஆனாலும் வழக்குக்கு வந்தவர்களைச் சாப்பாட்டுக்கு முன்னால் பார்க்கச் சொன்னதில் ஒரு மனசு தெரிகிறது.

அதே அத்தியாயத்தில், வேலையாக வந்தவர்களை வாசலில் காக்க வைக்காதே என்கிறார் கௌடில்யர். காரணம்தான் முக்கியம். எளிதில் பார்க்க முடியாத அரசனைச் சுற்றியிருப்பவர்கள், செய்ய வேண்டியதைச் செய்யாதபடியும் செய்யக்கூடாததைச் செய்யும்படியும் ஆக்கிவிடுவார்கள். பிசிராந்தையார் 'கல்லென் சுற்றம்' என்று சொன்ன அந்தக் கூச்சல் கூட்டம் ஞாபகத்துக்கு வருகிறதா? வள்ளுவர் 548-ஆம் குறளில் இதே முடிவுக்கு வருகிறார். எளிதில் பார்க்கவும் முடியாமல், ஆராய்ந்து முறையும் செய்யாத மன்னன் 'தண்பதத்தான் தானே கெடும்'. அவனைக் கெடுக்க வெளியிலிருந்து எதிரி வர வேண்டாம். அசோகர் தன் ஆறாம் பாறைக் கட்டளையில், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அந்தப்புரத்தில் இருந்தாலும் தோட்டத்தில் இருந்தாலும் மக்கள் காரியத்தை எப்போது வேண்டுமானாலும் வந்து சொல்லலாம் என்று அறிவிக்கிறார்.

இந்த இரண்டு சோதனைகளும் ஒன்றாக மோதுகிற இடம் சிலப்பதிகாரம். பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியவன் இல்லை. ஊடலில் இருந்த அரசியைத் தணிக்க அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் வந்து, சிலம்பு திருடியவன் அகப்பட்டான் என்கிறான். அரசன் நிற்கவில்லை. சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் 'கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு' என்று காவலர்களிடம் சொல்லிவிட்டு நடக்கிறான். இந்த இடத்தில் இளங்கோ அவன் மேல் வைக்கிற குறை ஒரே சொல்லில் இருக்கிறது: 'தேரானாகி'. ஆராயாதவனாக. 'ஓர்ந்துகண் ணோடாது' என்று தொடங்கும் 541-ஆம் குறள் 'தேர்ந்துசெய் வஃதே முறை' என்று முடிகிறது. அந்தத் 'தேர்' தான் இங்கே காணாமல் போகிறது. அர்த்தசாஸ்திரம் ஆள்கிறவனுக்கு ஆறு உட்பகைகளைச் சொல்கிறது: காமம், கோபம், பேராசை, தற்பெருமை, செருக்கு, மிதமிஞ்சிய களிப்பு. பாண்டியனை வீழ்த்தியது முதலாவது. அதுவும் பெரிய அளவில் இல்லை, ஒரு மாலை நேர அவசரம்.

பிறகு கண்ணகி வாசலில் வந்து நிற்கிறாள். காவலன் அவளைக் கண்டு நடுங்கிப் போய் உள்ளே சொல்கிறான். அரசன் கதவை அடைக்கச் சொல்லவில்லை, உள்ளே வரச் சொல்கிறான். 'தேரா மன்னா' என்று முகத்துக்கு நேராக அவள் சொல்வதையும் கேட்டுக்கொள்கிறான். தன் அரசியின் சிலம்பில் முத்துதான் பரல் என்று தானே ஒப்புக்கொள்கிறான். கண்ணகி தன் சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி விழுந்து சாகிறான்.

ஏன் 'கள்வன்' என்கிறான்? கோவலனைக் கள்வன் என்று கொன்றதால் அந்தச் சொல் திரும்பி வந்தது என்று பலரும் படிப்பார்கள். அது சரிதான். ஆனால் சம்பளக் கணக்கை மனதில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. காவலுக்குக் கூலி வாங்கிவிட்டு, அந்தக் காவல் 'என்முதல் பிழைத்தது' என்கிறான். வேலை செய்யாமல் கூலி வாங்கியவனுக்கு வள்ளுவர் சொல்லாமல் விட்ட பெயரைப் பாண்டியன் தனக்குத் தானே வைத்துக்கொள்கிறான். இது என் வாசிப்பு, உரைகளில் தேட வேண்டாம்.

இடித்துச் சொல்ல ஒரு ஆள்

தேர்தலும் நீதிமன்றமும் இல்லாத காலத்தில் அரசனை யார் கட்டுப்படுத்துவது? இவர்களிடம் இருந்த விடை கொஞ்சம் பலவீனமானதுதான்: பக்கத்தில் நல்ல ஆட்களை வைத்துக்கொள். ஒற்றைச் சக்கரத்தில் வண்டி ஓடாது என்கிறார் கௌடில்யர். அரசன் அந்தரங்கத்தில் நேரத்தை வீணாக்கினால், நிழலளவையும் நாழிகையையும் தார்க்குச்சியாக வைத்து அவனைக் குத்தி எழுப்புகிற ஆசிரியர்களும் அமைச்சர்களும் வேண்டும் என்கிறார். மாட்டைக் குத்துகிற அதே தார்க்குச்சி. வள்ளுவரும் 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்' கெடுப்பவர் யாரும் இல்லாவிட்டாலும் கெடுவான் என்கிறார். குறை என்னவென்றால், அப்படிப்பட்ட ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் அதே அரசன்தான்.

செங்கோல் என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். செம்மையான, அதாவது வளையாத கோல் செங்கோல். வளைந்தது கொடுங்கோல். கொடுமை என்ற சொல்லுக்கே வளைவு என்று பொருள் உண்டு. ஆகவே கொடுங்கோலன் என்றால் இரத்தம் குடிப்பவன் என்று மட்டும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பக்கமாகச் சாய்ந்தாலே போதும். தண்டனையிலும் இதே அளவுதான். கடுமையாகத் தண்டிப்பவனைக் கண்டு மக்கள் மிரள்வார்கள், இளகித் தண்டிப்பவனை மதிக்க மாட்டார்கள், தகுந்தபடி தண்டிப்பவனைப் போற்றுவார்கள் என்பது அர்த்தசாஸ்திரம். 'கடிதோச்சி மெல்ல எறிக' என்பது குறள். ஓங்கும்போது வேகமாக ஓங்கு, அடி மெதுவாக விழட்டும்.

தண்டனை எதையும் தீர்க்காது என்று சொன்ன குரலும் ஒன்று உண்டு. பௌத்தர்களின் கூடதந்த சூத்திரத்தில் மகாவிஜிதன் என்ற அரசன் பெரிய வேள்வி செய்ய ஆசைப்படுகிறான். புரோகிதர் தடுக்கிறார். நாட்டில் கொள்ளை பெருகிக் கிடக்கிறது, இந்த நேரத்தில் வரி போட்டால் அது தவறு. கொள்ளைக்காரர்களைக் கொன்றும் சிறையில் போட்டும் அடக்கிவிடலாம் என்று நினைத்தால், மிச்சம் இருப்பவர்கள் பிறகு வருவார்கள். அதற்குப் பதிலாக, பயிரிடுகிறவனுக்கு விதையும் மாட்டுக்குத் தீவனமும் கொடு, வியாபாரிக்கு முதல் கொடு, அரசு வேலை செய்கிறவனுக்கு ஒழுங்கான சம்பளம் கொடு என்கிறார். அரசன் அப்படியே செய்கிறான். கருவூலம் நிறைகிறது. மக்கள் குழந்தைகளை மடியில் ஆடவிட்டு, கதவைத் திறந்து போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள் என்று சூத்திரம் சொல்கிறது. எனக்குத் தெரிந்து நல்லாட்சிக்கு இதைவிடச் சின்னதாக, கண்ணில் நிற்கிற மாதிரி ஒரு அடையாளத்தை யாரும் சொல்லவில்லை.

அழுக்கும் உண்டு

1905-இல் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொடுத்த ஓலைச்சுவடி மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் சாமாசாஸ்திரியின் கையில் கிடைத்தது. கிரந்த எழுத்தில் இருந்த அதுதான் அர்த்தசாஸ்திரம். 1909-இல் அச்சில் வந்தபோது உலகம் திகைத்ததற்கு ஒரு காரணம், குடிகளின் இன்பத்தில்தான் அரசனின் இன்பம் என்று எழுதிய அதே நூல், கருவூலம் காலியானால் போலி அற்புதங்களைக் காட்டிக் காணிக்கை வசூலிக்கவும் வழி சொல்கிறது. துறவி வேடத்தில் ஒற்றர்கள், அமைச்சர்களுக்கே வைக்கும் மறைமுகச் சோதனைகள் எல்லாம் அதில் உண்டு. அதிகாரிகள் பணம் சுருட்டும் 40 வழிகளைப் பட்டியல் போட்டுவிட்டு, தண்ணீருக்குள் இருக்கும் மீன் எப்போது தண்ணீர் குடிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது என்று பெருமூச்சு விடுகிறது. தண்டனையிலும் வருணத்துக்கு வருணம் வேறுபாடு. வளையாத கோல் என்று சொன்னார்கள், பிறப்பைப் பார்த்து வளைந்த இடங்களும் நிறைய. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இனிப்பான வரிகளை மட்டும் பொறுக்கினால் படித்ததாகாது.

அசோகரும் அப்படித்தான். முடிசூடி எட்டு ஆண்டுகள் கழித்து கலிங்கத்தை வென்றார். ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள், அதைப்போலப் பல மடங்கு செத்தார்கள் என்று தன் பதின்மூன்றாம் பாறைக் கட்டளையில் தானே எண்ணிக்கை கொடுத்து வருந்துகிறார். வென்றவன் தன் வெற்றிக்காக வருந்திக் கல்லில் வெட்டியது மிக அபூர்வம். அதே கட்டளையிலேயே காட்டுவாசிகளைப் பார்த்து, வருந்தினாலும் என்னிடம் தண்டிக்கும் வலிமை இருக்கிறது என்று எச்சரிக்கவும் செய்கிறார்.

இன்னும் ஒன்று. அந்தக் கட்டளை கலிங்கத்தில் இல்லை. புவனேசுவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தௌலிப் பாறையில் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிய மூன்றையும் விட்டுவிட்டார்கள். அடிபட்டவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் அந்த எண்ணிக்கை வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக அங்கே வெட்டியிருப்பது, தோசலி நகரத்து அதிகாரிகளுக்கு ஒரு உத்தரவு. எல்லா மனிதர்களும் என் பிள்ளைகள், காரணமில்லாமல் யாரையும் சிறையில் அடைக்காதீர்கள் என்கிறது. பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், சோம்பல், களைப்பு இவற்றோடு தீர்ப்புச் சொல்ல உட்காராதீர்கள் என்றும் சொல்கிறது. அவசரமும் களைப்பும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்க்கும்போது, அந்தப்புரத்துக்கு நடந்துகொண்டே தீர்ப்புச் சொன்ன பாண்டியன் நினைவுக்கு வராமல் போவதில்லை. இதைப் பூச நட்சத்திர நாளில் வாசிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இடையிடையேயும் வாசிக்கலாமாம், கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தால்கூட.